ஆல்பிறிஸ்ரன் குருமனை: ஓர் ஆங்கிலக் கூரைவீட்டின் அமைப்பு

இங்கிலாந்தின் தென்கரைக்கு அணித்தாக, கக்மியர் என்னுஞ் சிற்றாற்றின் கரையிலே ஆல்பிறிஸ்ரன் என்னும் ஊர் அமைந்துள்ளது. சசெக்ஸ் மாநிலத்தின் கீழைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரைச் சவுத் டவுண்ஸ் எனப்படும் சுண்ணக்கற் குன்றுகள் சூழ்ந்து நிற்கின்றன. ஊரின் ஒருபுறத்தே பசும்புற்றரை ஒன்றும், அதன்மேல் உயர்ந்து நிற்கும் புனித அந்திரேயா ஆலயமும் உள்ளன. அவ்வாலயத்தின் அயலிலே, மரச்சட்டத்தாலும் மண்ணாலும் ஆகி, வேய்ந்த கூரையைத் தாழக் கவிழ்த்து நிற்கும் பழைய மனையொன்று உண்டு. ஆல்பிறிஸ்ரன் குருமனை என்பது அதன் பெயர். 1896ஆம் ஆண்டிலே இம்மனை பத்துப் பவுணுக்கு விலைப்பட்டது. வாங்கியது, அதற்கு முந்திய ஆண்டிலே தோன்றிய நஷனல் ட்றஸ்ற் என்னும் நிறுவனம். இன்று இங்கிலாந்து முழுவதிலும் மாளிகைகளையும் சோலைகளையும் கடற்கரைகளையும் காத்துவரும் அந்நிறுவனம் முதன்முதல் வாங்கிய கட்டடம் இதுவேயாம்.

அரண்மனையுமன்று, கோட்டையுமன்று, இடிந்துவிழும் நிலையிலிருந்த ஒரு கூரைவீட்டைக் காக்க அறிஞர் பலர் முன்வந்தமைக்குக் காரணம் யாது? அதன் அமைப்பை உறுப்புறுப்பாக ஆராய்ந்தாலன்றி இவ்வினாவிற்கு விடை காண்டல் அரிது.

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வேய்ந்த கூரையையுடைய ஆங்கில வீடு யாதாயினும் அதனை ஏழையின் குடிசையென்று கருதுவது வழக்கமாகிவிட்டது. வாழ்த்து மடல்களிலும் இனிப்புப் பெட்டிகளின் மூடிகளிலும் வரையப்படும் படங்கள் இக்கருத்தை வளர்த்துவிட்டன. பதினான்காம் பதினைந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆங்கில ஏழையின் குடிசை எதுவும் இன்று நிலைபெற்றிலது எனலாம். மெல்லிய கோல்களாலும் மண்ணாலும் ஆகிய அவை ஒன்றிரண்டு தலைமுறையுள் மண்ணோடு மண்ணாயின. எஞ்சி நிற்பவை செல்வமுள்ள உழவரின் வீடுகள். 1348, 1349ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்கட்டொகையிற் பெரும்பகுதியை மாய்த்தபின், உழைப்பாளர்க்குக் கூலி உயர்ந்தது. நிலம் எளிதிற் கிடைத்தது. உயிர் தப்பியோர் சிலர் முன்னோர் கனவிலும் காணாத வாழ்வு பெற்றனர். அவ்வகுப்பார் தச்சரை அழைத்துக் கட்டுவித்த நன்மரவீடுகள் கென்ற், சசெக்ஸ் மாநிலங்களிலே மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுள் ஒருவகைக்கு, அவ்விரு மாநிலங்களிலும் பரந்துள்ள காட்டுநிலமாகிய வீல்ட் என்பதன் பெயரைச் சார்த்தி, வீல்டன் வீடு எனப் பெயரிட்டுள்ளனர். இற்றைக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்த ஆல்பிறிஸ்ரன் குருமனை அவ்வகையைச் சேர்ந்தது. அது திருச்சபைக்கு உரியதாகி ஊர்ப் பாதிரியாரின் உறையுளாய் விளங்கியமையாற் குருமனை எனப்பட்டதேயன்றி, அமைப்பிலே அது ஓர் உழவனின் வீடே.

வீல்டன் வீட்டை முகப்பிலிருந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது ஒரு விந்தை. வீட்டின் இரு முனைகளும் இரண்டு மாடி உடையன. அவற்றின் மேல்மாடி கீழ்ச்சுவரைக் கடந்து சற்றே முன்தள்ளி நிற்கும். நடுப்பகுதியோ மாடியில்லாத உயர்ந்த கூடம். ஆதலின் அதன் சுவர் முன்தள்ளாது உள்வாங்கி நிற்கும். ஆயினும் கூரை ஒன்றே. அது ஒரு முனை தொடங்கி மறுமுனைவரை நேர்கோட்டிற் செல்வது. எனவே நடுக்கூடத்தின் முன்னே கூரையின் விளிம்பு சுவரைப் பிரிந்து வெளியிலே தொங்குவதுபோற் காணப்படும். அவ்விளிம்பைத் தாங்கும் மேல்வளைக்கு ஆதாரமாக, இருபுறத்து மாடிகளின் பக்கங்களிலிருந்து வளைந்த தாங்குமரங்கள் எழுகின்றன. இவ்வளைமரங்கள் அழகின்பொருட்டு அமைந்தனவென்று காண்போர் எண்ணுவர். உண்மையில் அவை ஒரு சிக்கலுக்குத் தச்சன் கண்ட விடை. ஒரே கூரையின்கீழ் மாடியுள்ள பகுதியையும் மாடியில்லாப் பகுதியையும் அடக்க முயன்றதனால் அச்சிக்கல் எழுந்தது.

அங்ஙனமாயின் நடுக்கூடத்திற்கு மாடி அமையாமைக்குக் காரணம் என்ன? புகையே காரணம். அக்காலத்து உழவர் வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தரையிலிட்ட கற்பரப்பின்மேல் விறகு எரிந்துகொண்டிருக்கும். வீட்டாரெல்லாம் அத்தீயைச் சூழ்ந்தே குளிர்காய்ந்தனர், சமைத்தனர், உண்டனர்; ஏவலரிற் பலர் உறங்கியதும் அங்கேயே. எழும்பும் புகை ஆட்களின் தலைக்குமேல் உயர்ந்து சென்று கூரையின் அடியிலே திரண்டு நின்று, முனைகளிலுள்ள சிறு திறப்புகளின் வழியாகவும் வேய்ந்த பொருளின் இடுக்குகளின் வழியாகவும் மெல்லமெல்லக் கசிந்து வெளியேறும். கூடம் உயரமாயிருந்தாலன்றி ஆட்கள் புகையினுள் மூழ்குவர். ஆகவே உயர்ந்த கூடம் பெருமைக்கு அறிகுறியாவதற்கு முன்னரே மூச்சுவிடுதற்கு இன்றியமையாததாயிற்று. மரச்சாளரங்களுக்குக் கண்ணாடியும் இல்லை. செங்குத்தாக நிறுத்திய மரச்சட்டங்களின் இடையே காற்றும் ஒளியும் புகுந்தன. குளிர் மிக்கபோது பலகைக் கதவால் அவற்றை அடைத்தனர். அடைத்தால் இருள், திறந்தால் குளிர். பழைய வீடுகளின் இனிமையைப் பாடுவோர் மார்கழி தையில் ஒருநாள் அவற்றில் இருந்து பார்த்தல் நன்று.

கூடத்தினுள்ளும் மேல்கீழ் என்னும் முறை இருந்தது. ஒரு முனையிலே முன்வாயிலும் பின்வாயிலும் எதிரெதிரே அமைந்து வீட்டைக் குறுக்கே கடக்கும் வழியாயின. அவ்வழிக்கு அப்பால் உணவுப் பொருளும் குடிவகையும் வைக்கும் சிற்றறைகள் இருந்தன. மறுமுனை தலைவனுக்குரியது. அவனது ஆசனம் அங்கே. அதற்கப்பாலும் அதன் மேல்மாடியிலும் அவனுக்குரிய தனியறைகள். வாயிலின் குளிர்காற்றுக்கு எட்டாத இடமே மதிப்புடைய இடம் என்பதை இவ்வமைப்பிலிருந்து எளிதில் உணரலாம்.

இனி, வீட்டின் உடலை நோக்குவோம். ஓக் மரமே அதன் எலும்பு. தச்சர் அம்மரத்தை உலரவைத்துப் பயன்படுத்தவில்லை. ஈரம் உள்ளபோதே வெட்டிச் செதுக்கினர். உலர்ந்த ஓக் இரும்புபோற் கடினமாகி உளிக்கு இணங்காது. சட்டம் முழுவதையும் முதலிலே தச்சுக்களத்திற் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் உரோம எண்களைக் கீறிவைப்பர். பின்னர் அவற்றைக் கழற்றி மனைக்குக் கொண்டுசென்று எண்ணுக்கு எண் பொருத்தி நிமிர்த்துவர். ஒரு மரத்தின் கழுந்து மற்றதன் துளையினுட் புக, குறுக்கே மரவாணி அறைவர். இரும்பு பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. ஈரமரம் ஆண்டுகள் செல்லச்செல்ல உலர்ந்து சுருங்கி மூட்டுகளை இறுக்கும். அதனோடு சிறிது முறுகியும் வளையும். பழைய ஆங்கில வீடுகளிற் காணப்படும் கோணல் மாணல்களிற் பல தச்சனின் பிழையாற் பிறந்தவையல்ல.

சட்டத்தின் இடைவெளிகளை வரிச்சும் மண்ணும் நிரப்பின. பிளந்த கோல்களைக் குத்துமரங்களுக்கிடையே பின்னி, களிமண்ணோடு வைக்கோல் துணுக்கையும் சாணத்தையும் பிசைந்து இருபுறமும் அப்பிச் சுண்ணாம்பு பூசுவர். இத்தகைய சுவர் நீரைத் தாங்காது. ஆதலின் நிலத்தின் ஈரம் மேலேறாவண்ணம் கல்லாலாகிய சிறு அடிச்சுவரின்மேல் அடிவளையைக் கிடத்தினர். குருமனையின் கூடத்துத் தரையோ தனிச்சிறப்புடையது. அயற்குன்றுகளிலே பெறப்படும் சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பித் திமிசுபோட்டு, அதன்மேற் புளித்த பாலை வார்த்து இறுகச்செய்த தரை அது. பாலிலுள்ள புரதம் சுண்ணத்தோடு கூடிப் பசைபோல் இறுகுகின்றது. விலைகொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றேனும் இன்றி ஊரிலுள்ளவற்றைக்கொண்டே உழைப்பிற்கு ஈடுகொடுக்கும் தரையொன்றை அமைத்த திறமை பாராட்டற்குரியது.

சுவரும் தரையும் இவ்வாறு நீருக்கு அஞ்சுவனவாதலின் வீட்டின் காவலெல்லாம் கூரையைச் சார்ந்தது. வேய்ந்த கூரை மழையைத் தடுக்கும் முறையைப் பலர் உணர்ந்திலர். ஓட்டைப்போல் அது நீர்புகாப் பொருளன்று. ஒவ்வொரு தாளும் ஒரு சிறு குழாய். தாள்கள் யாவும் கீழ்நோக்கிச் சரிந்து நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு தாளின்மேல் வீழ்ந்த துளி அதன் நுனிவரை வழிந்து அடுத்த தாளின்மேல் வீழ்கின்றது. இவ்வாறே இறவாரம்வரை இறங்கி நிலத்திலே சொட்டுகின்றது. ஓரடி தடித்த கூரையில் மேலுள்ள ஓரங்குல அளவே நனையும். அடியிலுள்ளது நூற்றாண்டு கடந்தும் உலர்ந்திருக்கும். நீர் தங்காது விரைந்து வழிதல் வேண்டுமாதலின் கூரையின் சரிவு 45 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 50 பாகையும் அதற்கு மேலும் சிறந்தன. ஆங்கிலக் கூரைவீடுகளின் செங்குத்தான தோற்றத்திற்கு இதுவே காரணம். பீலியும் குழாயும் அங்கே இல்லை. அதற்கு ஈடாக இறவாரம் சுவரைக் கடந்து வெகுதூரம் நீண்டு, சொட்டுநீரை மண்சுவருக்கு எட்டாதபடி வீசுகின்றது. காண்போர் தொப்பிபோன்றது என வியக்கும் அந்நீட்சி இல்லையேல் வரிச்சுச்சுவர் நெடுங்காலம் நில்லாது.

வேயும் பொருள் மூவகைப்படும். நீர்நிலைகளில் வளரும் நாணல் ஒன்று. நோர்போக் மாநிலம் அதற்குப் பேர்பெற்றது. கதிரையும் இலையையும் சீவி நீக்கி, தாளின் அடிகளெல்லாம் ஒருபுறமாக அடுக்கிய கோதுமைத்தாள் மற்றொன்று; இது மேற்கு மாநிலங்களிலே பெருவழக்கு. மூன்றாவது, அடியும் நுனியும் கலந்து கிடக்கும் சாதாரண நெடுவைக்கோல். கிழக்கிலும் நடுநாட்டிலும் தெற்கிலும் பெரும்பாலான உழவர் வீடுகளை மூடியது இதுவே. நாணற்கூரை ஐம்பது ஆண்டளவு நிலைக்கும். நெடுவைக்கோற் கூரை இருபது ஆண்டுகளில் தேயும். மழையும் காற்றும் மிகுதியாகத் தாக்கும் முகடு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கப்படும்.

கிடுகு பின்னிக் கட்டுதலிற் பழகியோர்க்கு இவ்வேய்முறை புதுமையாகத் தோன்றும். இங்கே பின்னலில்லை. நனைத்து நேராக்கிய வைக்கோலைக் கட்டுக்கட்டாக இறவாரத்திலிருந்து முகடுவரை அடுக்கிச் செல்வர். அவற்றின் குறுக்கே மெல்லிய கோல்களை வைத்து, ஹேசல் என்னும் செடியின் கொம்பைப் பிளந்து கூராக்கி நடுவிலே முறுக்கி மடித்த முளைகளாற் கோல்களைக் கூரையினுள் அழுத்திச் செருகுவர். முறுக்கிய கொம்பு மீண்டும் விரிய முயலுமாதலின் தானே கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேயுநரின் தொழில், ஹேசலை வெட்டித் தழைக்கவிடும் காட்டுத்தொழிலையும் நெடுந்தாட் கோதுமையை விளைக்கும் உழவுத்தொழிலையும் நம்பியே நின்றது. அன்றியும் வைக்கோல் ஓட்டினும் கற்பலகையினும் மிக இலகுவானது. அதனாலே கைமரங்கள் மெல்லியவாயினும் போதும்.

ஒரே குறை தீ. 1212ஆம் ஆண்டில் இலண்டனில் நேர்ந்த பெருந்தீயின் பின் அந்நகரத்தார் புதிய வைக்கோற் கூரைகளைத் தடைசெய்தனர். முன்னரே உள்ளவற்றின்மேற் சாந்து பூசும்படி விதித்தனர். நாட்டுப்புறங்களில் அத்தகைய கட்டளை இல்லை. ஆயினும் கூடத்தின் நடுவே எரிந்த தணிந்த தீயினும், பிற்காலத்தில் வந்த புகைபோக்கியின் வழியே எழும் பொறியே கூரைக்குக் கொடிய பகையாயிற்று என்பது கருதத்தக்கது.

பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளிலே செங்கல் மலிந்தது. புகைபோக்கி உழவர் வீடுகளிலும் புகுந்தது. புகை ஒருவழிப்படுத்தப்பட்டதும் உயர்ந்த கூடத்திற்குத் தேவையில்லாதொழிந்தது. வீல்டன் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் கூடத்தின் குறுக்கே தளமிட்டு மேலறைகள் வகுத்தனர். அவற்றின் மேற்றளத்தில் ஏறிக் கூரைமரங்களை நோக்கின், கரிபடிந்து கருத்திருத்தலைக் காணலாம். ஒரு வீடு முன்னர்த் திறந்த கூடமாயிருந்தமைக்கு ஆராய்ச்சியாளர் முதலில் தேடும் சான்று அக்கரியே. ஆல்பிறிஸ்ரனிலோ, கூடம் இன்று கூரைவரை திறந்தே நிற்கின்றது. உள்ளே நுழைவார் தலைநிமிர்ந்து முகடுவரை நோக்கலாம்.

பாதிரிமார் வேறு மனை நாடிச் சென்றபின் குருமனையின் நிலை தாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது பிரிக்கப்பட்டு உழவுக்கூலிகளின் உறையுளாயிற்று. செல்வனாயிருந்த உழவனின் வீடு ஏழையின் குடிசையானது இவ்வாறே; நாட்டின் பழைய வீடுகள் பலவற்றின் வரலாறும் இதுவே. கூலி பெருகாத உழவன் கூரையைப் புதுக்குதற்குப் பொருள் தேடுவது எங்ஙனம்? உரிமையாளரும் பழுதுபார்க்க விரும்பவில்லை. 1880களிலே திருச்சபை அதிகாரிகள் வீட்டை இடித்தகற்ற இசைந்தனர்.

அதனைத் தடுத்தவர் அவ்வூர்ப் பாதிரியார் பெய்னன் என்பவர். அவர் முதலிற் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நாடினார். கவிஞரும் கைவினைஞருமாகிய வில்லியம் மொறிஸ் 1877இல் நிறுவிய சங்கம் அது. அக்காலத்தே ஆங்கிலக் கட்டடக்கலைஞரிடையே புதுப்பித்தல் என்னும் ஒரு வெறி பரவியிருந்தது. பல நூற்றாண்டுகளாக வளர்ந்த ஆலயமொன்றை எடுத்து, அதன் சிறந்த காலம் இதுவெனத் தாமே தீர்மானித்து, பிற்காலச் சேர்க்கைகளை இடித்தெறிந்து, இல்லாதவற்றைக் கற்பனையாற் படைத்து வைத்தனர். மொறிஸின் சங்கத்தார் இதனைக் கட்டடக் கொலையெனவே கருதினர். பழையதைப் பழுதுபார்த்தல் தகும். பழையதுபோற் பொய்யாகப் புனைதல் தகாது. புதிதாக இட்ட மரம் புதிதென்றே தோன்றுதல் வேண்டும் என்பன அவர்தம் கொள்கை.

கொள்கை இருந்ததேயன்றி வீட்டை வாங்கி உடைமையாக வைத்திருக்கும் உரிமை அச்சங்கத்திற்கு அமையவில்லை. அக்குறையை நிரப்பியது 1895இல் ஒக்ரேவியா ஹில் அம்மையார், வழக்கறிஞர் றொபேட் ஹண்டர், பாதிரியார் ஹாட்விக் றோண்ஸ்லி ஆகிய மூவரும் தோற்றுவித்த நஷனல் ட்றஸ்ற். ஒக்ரேவியா ஹில் இலண்டன் ஏழைகளின் குடியிருப்பைச் சீர்திருத்துவதில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். இடிந்த கூரையின்கீழ் வாழ்வது எத்தகையது என்பதை ஏட்டிற் படித்தறிந்தவரல்லர். இத்தகைய ஒருவர் பெரியோர் மாளிகையை விடுத்து முதலில் ஓர் உழவன் வீட்டைக் காக்க முற்பட்டமை வியப்பன்று. பத்துப் பவுண் பெயரளவான விலையே. செலவெல்லாம் அதன்பின் வந்தது. நிறுவனத்தார் பொதுமக்களிடம் பொருள்திரட்டிச் சங்கத்தின் அறிவுரைப்படி, கட்டடக்கலைஞர் அல்பிரட் பவெல் என்பாரைக்கொண்டு வீட்டைப் பழுதுபார்த்தனர். கூடத்து மரவேலையிலே ஓக் இலை செதுக்கிய உருவொன்று உண்டு; 1935இல் நிறுவனத்திற்கென அமைந்த ஓக்கிலைச் சின்னத்திற்கு அதுவே தூண்டுதலாயிற்று எனச் சொல்வாருமுளர்.

பழையதைப் பொய்யாகப் புனையலாகாது என்னும் கொள்கை கல்லுக்கும் ஓக் மரத்திற்கும் நன்கு பொருந்தும். கூரைக்கு அது பொருந்துமாறு எங்ஙனம்? வைக்கோற் கூரை ஒவ்வொரு தலைமுறையிலும் புதுக்கப்படுவது. அறுநூறு ஆண்டு மனையின்மேல் இன்று கிடக்கும் தாள் சிலபல ஆண்டுகளுக்கு முன் வயலில் நின்றது. புதுக்காது விட்டால் ஓரிரு மாரியில் மேற்கூரை அழுகும். சில ஆண்டுகளில் ஓக் மரமும் அதன்பின் செல்லும். எனவே இங்குக் காக்கத்தக்கது வேயும் பொருள், முறை, அதைக் கற்ற கை ஆகியவையே எனப் பின்வந்தோர் உணர்ந்தனர்.

அவற்றிற்கும் இடர் நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறுவடையையும் சூடடிப்பையும் ஒருங்கே செய்யும் பொறி வயலுக்கு வந்தது. அது தாளை நசுக்கி முறித்துவிடும். முறிந்த தாள் வேய்தற்கு உதவாது. கோதுமை வகைகளும் மாறின. கதிர் பெருக, தாள் குறுக, அறிவியலார் புதுவித்துகளைத் தேர்ந்தனர். செயற்கை உரமிட்ட வயலின் தாள் மென்மையாகி விரைவில் உக்கியது. வேயுநருக்கெனப் பழைய நெடுந்தாள் வகைகளையும், 1964இல் வெளிவந்த மாறிஸ் விஜன் என்னும் வகையையும் சில உழவர் தனியே விளைத்து, பழைய கதிர்கட்டும் பொறியால் அறுத்துவருகின்றனர். வைக்கோல் அரிதாகவே, துருக்கி, ஹங்கேரி, சீனம் முதலிய நாடுகளிலிருந்து நாணல் கப்பலேறி வந்தது. நீண்டநாள் நிலைப்பதாதலின் வீட்டுக்காரரும் வேயுநருட் பலரும் அதனை விரும்பினர். வைக்கோல் வேய்ந்த வீட்டை நாணலால் மூடினால் அதன் வடிவே மாறிவிடும் என்று பாதுகாப்பு அதிகாரிகள் மறுத்தனர். நெடுவைக்கோலின் கூரை பிசைந்த மாவைப்போல் மெத்தென்று வளைந்து செல்லும். நாணற்கூரையோ கத்தியால் அரிந்ததுபோல் விளிம்பு கூர்ந்து நிற்கும். 1990களில் இவ்வழக்குக் கடுமையாயிற்று. வீட்டுக்காரன் தன் பொருளைச் செலவிட்டு இருபது ஆண்டுக்கொருமுறை வேயவேண்டியிருக்க, ஐம்பது ஆண்டு நிற்பதை மறுத்தல் முறையோ என்னும் வாதத்தைப் புறக்கணித்தல் எளிதன்று.

இவ்வாராய்ச்சிக்கிடையே எதிர்பாராத ஒரு பேறும் கிட்டியது. வேயுநர் பழைய கூரை முழுவதையும் எப்போதும் களைவதில்லை. தேய்ந்த மேற்படலத்தை மட்டும் நீக்கிப் புதியதை அதன்மேற் பொருத்துவர். இதனாற் சில வீடுகளில், சிறப்பாக டெவன் மாநிலத்தில், திறந்த கூடத்தின் புகை படிந்து கருத்த அடிப்படலம் அறுநூறு ஆண்டுகளாகத் தொடப்படாமலே கிடந்தது. புகை அதனைப் புழுவிலிருந்தும் பூஞ்சணத்திலிருந்தும் காத்திருந்தது. ஆராய்ச்சியாளர் அதனைப் பிரித்து நோக்கியபோது, கோதுமைக் கதிர்களும் றைத் தாள்களும் வயற்களைகளின் விதைகளும் அறுத்த அன்று இருந்தவாறே உள்ளே இருந்தன. ஒரே வயலில் உயரமும் கதிரும் வேறுபட்ட பலவகைக் கோதுமை கலந்து நின்றமையும், இன்று இங்கிலாந்தில் அருகிப்போன வகைகள் அக்காலத்துப் பெருவழக்காய் இருந்தமையும் அவற்றிலிருந்து அறியப்பட்டன. எழுத்தாவணம் எதுவும் கூறாத செய்தி இது. இப்பொழுது இத்தகைய வீடுகளின் கூரையைப் புதுக்க ஏறும் வேயுநர், கரிபிடித்த அடித்தாளைக் கண்டதும் கையை நிறுத்தி, அதனை இருந்தபடியே விட்டு அதன்மேல் வேய்ந்து இறங்குகின்றனர்.